எதுவும் மாற்றப்படவில்லை

சனிக்கிழமை மதியம் கிளினிக்கை மூடிவிட்டு வந்து, ஆசையாக வண்டிக்குள் உட்கார்ந்தார் பல் டாக்டர். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் ஷெட் சுவர் தெரியவில்லை. கான்வாஸ் கூரையின் மடிப்புதான் தெரிந்தது. காலை நீட்டினார். கிளட்ச் எட்டவில்லை.

டாக்டர் குள்ளம். அதில் அவருக்கு வருத்தமெல்லாம் கிடையாது. பல் வைத்தியத்துக்கு உயரம் எதற்கு, நோயாளிதான் படுத்திருக்கிறானே என்பார். ஆனால் இந்த வண்டியை வாங்கிய நாளில் இருக்கையை நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்தார், கால் எட்டியது, கண்ணாடியில் சாலை நேராகத் தெரிந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அவரைத் தவிர ஒருவரும் இந்த இருக்கையில் உட்கார்ந்ததில்லை. இப்போது இருக்கை நன்றாகப் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. கண்ணாடி மேலே தூக்கிவிடப்பட்டிருந்தது. யாரோ ஒரு நெட்டையன் உட்கார்ந்திருக்கிறான்.

சாவி படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கும். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாக்டர், மற்றவள் அவர் மனைவி.

"வண்டியை யாராவது எடுத்தாங்களா?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்டார்.

"அந்த வண்டியையா? அதுக்குள்ள என் முட்டியை மடக்கி நுழையறதுக்குள்ள நடந்தே போயிட்டு வந்துடலாம்."

"யாராவது வந்தாங்களான்னு கேட்டேன்."

"யார் வருவா?" என்றாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அது அவருக்கு உறுத்தியது.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சங்கத்தில் டாக்டருக்கு 'ஒரிஜினல்' என்று பட்டப்பெயர். இரண்டே இருக்கை கொண்ட, நீண்ட மூக்குள்ள அந்த ஸ்போர்ட்ஸ் கார் பழுத்த தந்த நிறத்தில் இருக்கும். பல் டாக்டருக்குப் பல் கலரிலேயே வண்டி அமைந்துவிட்டது என்று சங்கத்தில் கேலி செய்வார்கள். மற்றவர்கள் இருக்கைக்குப் புதுத்தோல் போட்டார்கள், புது பெயின்ட் அடித்தார்கள். டாக்டர் வெடித்த தோலுக்கு எண்ணெய் தடவி, வெடிப்பை அப்படியே காப்பாற்றினார். மர ஸ்டியரிங்கில் முந்தைய சொந்தக்காரரின் மோதிரம் தேய்த்த பள்ளத்தை மெழுகால்கூட நிரப்பவில்லை. ஆஷ்ட்ரேயில் கிடந்த சாம்பலைக் கொட்டவில்லை. டிக்கிக்குள் படுத்திருந்த ஸ்டெப்னி டயர் ஒருமுறைகூடத் தரையைத் தொட்டதில்லை. அதில் இருப்பது தொழிற்சாலையில் அடைத்த முதல் காற்று என்று, பார்க்க வருபவர்களுக்கெல்லாம் அதைத் தட்டிக் காட்டுவார். "காத்துக்குக்கூடப் பழசு புதுசு பார்க்கிற மனுஷன் உலகத்துலயே எனக்குத்தான் வாய்ச்சிருக்கார்" என்பாள் மனைவி.

டிக்கி மூடியின் உட்பக்கத்தில் கீறல்கள் இருந்தன. நான்கு நான்காக, வரிசையாக. ஸ்பேனர் பை உரசிய தடம் என்று டாக்டரே முடிவு செய்து, துரு பிடிக்காமலிருக்க மெல்லிசாக வார்னிஷ் பூசிப் பாதுகாத்தார். அந்த வருடம் சங்கத்தின் கோப்பை அவருக்குத்தான்.

அவருடைய நெருங்கிய சிநேகிதனை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், மெக்கானிக் ஷாப் வைத்திருப்பவன். அவன் ஒரே ஒரு யோசனைதான் சொன்னான். "டிக்கியை உள்ளேர்ந்து திறக்க ஒரு கொக்கி போட்டுடுவோம் டாக்டர். சின்னப் பசங்க ஒளிஞ்சு விளையாடினா ஆபத்து."

"அந்தக் காலத்துல இல்லாத கொக்கி இப்ப எதுக்கு?" என்று வாயை அடைத்துவிட்டார் டாக்டர்.

தாடி ஆறடிக்கு மேல். இப்போதுதான் அது அவர் மண்டையில் ஏறியது.

ஒரு சந்தேகம் வந்துவிட்டால் பார்க்கிற எல்லாவற்றிலும் அதற்குச் சாட்சி கிடைத்துவிடும். அடுத்த வாரம் வண்டிக்குள் பவுடர் வாசனை அடித்தது. ரோஜாவும் பழைய அலமாரியும் கலந்த வாசனை. மனைவி பவுடரே போடுவதில்லை. போடாதவள் யாருக்காகப் போடுகிறாள்? பக்கத்து இருக்கையின் மிதியடியில் ஈர மணல் ஒட்டியிருந்தது. மழை பெய்த ஒரு சாயங்காலம் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. ஆஷ்ட்ரேயை இழுத்தார். பழைய சாம்பலின் மேல் ஒரு புதுத் துண்டு சிகரெட். அதன் நுனியில் உதட்டுச் சாயம். இன்னும் ஈரம் போகவில்லை.

அந்த வாரச் சாயங்காலங்களில் அவள் நடக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் கிளினிக் ஜன்னலில் கை துடைத்துக்கொண்டு நின்றவர், தாடியின் ஜீப் தெருமுனையில் நிற்பதையும் அதிலிருந்து அவள் இறங்குவதையும் பார்த்தார். இறங்கியவள் சிரித்தாள். தாடி ஏதோ சொல்ல, கையை ஓங்கி அடிக்கிறமாதிரி பாவனை செய்தாள். அப்படி அவள் அவரிடம் விளையாடி எத்தனை வருடமாகிறது என்று அவருக்கு நினைவில்லை.

"யார் கூட நடந்தே?" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டார்.

"தனியாத்தான்."

அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாம்புக்குப் பால் வார்த்த கதைதான். தாடியை வீட்டுக்குள் விட்டதும் அவரே. 'அண்ணன்னு கூப்பிடு' என்று சொல்லிக் கொடுத்ததும் அவரே. அதைவிட ஒன்று அவரை அதிகமாகச் சுட்டது, அதை நினைக்க அவருக்கே வெட்கமாகக்கூட இருந்தது. வேறு எங்காவது போயிருக்கலாம். என் வண்டியிலேயா?

தூக்கம் வராமல் படுத்திருந்தபோது வண்டியை விற்ற அம்மாள் நினைவுக்கு வந்தார். பெரிய வீட்டில் தனியாக இருந்தார். எத்தனையோ பேர் கூடுதல் விலைக்குக் கேட்டும் கொடுக்காதவர், டாக்டரைத் தலை முதல் கால் வரை ஒருமுறை அளந்து பார்த்தார். "டிக்கியைத் திறந்து பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"பார்த்தேம்மா. ஒண்ணையும் மாத்த மாட்டேன். அப்படியே வெச்சுப்பேன்."

"அப்படிப்பட்டவரைத்தான் தேடிட்டிருந்தேன்" என்று நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் எழுப்பினார். 'ச்சு'. ஒவ்வொரு பேச்சுக்கும் முற்றுப்புள்ளி மாதிரி அந்த 'ச்சு' வரும். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. வண்டியின் பக்கத்தில் குள்ளமாக ஒருவர், பெருமை பொங்க நின்றுகொண்டிருந்தார். "வீட்டுக்காரர். உங்க உயரம்தான். அவரும் வண்டியில ஒரு கீறல் விழ விடமாட்டார்."

"ரெண்டு பேரும் நிறைய சுத்தியிருப்பீங்க."

"சுத்தினோம். ஒரே ஒரு தடவை மூணு பேராப் போனோம்."

"ரெண்டு சீட்டுல மூணு பேரா?" என்று டாக்டர் சிரித்தார்.

"இடம் இருந்துச்சு. ச்சு."

அந்த வீட்டுக்காரர் ஒரு சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை என்று பிறகு சங்கத்தில் சொன்னார்கள். வேறொரு பெண்ணோடு போய்விட்டார் என்று பேச்சு. வண்டி மட்டும் வந்து சேர்ந்ததாம். அன்று அதைக் கேட்டு டாக்டர், வண்டி தப்பித்ததே என்று சந்தோஷப்பட்டிருந்தார்.

அடுத்த வாரம் மழை கட்டிக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலம், கிளினிக்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக ஷெட்டுக்குள் நுழைந்தார் டாக்டர். ஷட்டர் இறங்கியே இருந்தது. கையும் களவுமாகப் பிடிப்பதென்று முடிவு செய்திருந்தார். ஒளிய அந்த ஷெட்டில் வேறு இடமில்லை. கைப்பிடியைத் திருகி டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைக் கட்டிக்கொண்டமாதிரி முழங்காலை மடக்கி உள்ளே படுத்தார். குள்ளமாக இருப்பதில் இப்படியும் ஒரு வசதி என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது. உள்ளேயிருந்து திறக்க வழியில்லை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? கைக்குட்டையை மடித்துப் பூட்டின் வாயில் திணித்து, மூடி முழுக்கப் பொருந்தாமல் பார்த்துக்கொண்டார். ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் கசிந்தது.

ரப்பர், துரு, பெட்ரோல், ஈரச் சணல் என்று அவருக்குப் பிடித்த வாசனைகளெல்லாம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தன. தகரக் கூரையில் முதலில் ஒரு துளி, பிறகு நாலைந்து, பிறகு பிரித்துக் கேட்க முடியாத ஒரே இரைச்சலாக மழை பிடித்துக்கொண்டது. கால் மரத்துப்போனது. அவள் வரவே மாட்டாள், தான்தான் பைத்தியக்காரன், எழுந்துபோய் அவளிடம் எதையாவது சொல்லிச் சிரித்துவிடலாம் என்று ஒரு கணம் மனசு இளகியது.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது.

கனமான ஷூ. கூடவே குதிகால் உயர்ந்த செருப்பு. இரண்டும் ஷெட்டுக்குள்ளேயே கேட்டன. ஷட்டர் தூக்கிய சத்தம் கேட்கவில்லை. அந்த ஷட்டரைத் தூக்கினால் தெருவே எழுந்துகொள்ளும். பின்வாசல் கதவும் முனகவில்லை.

ஷூ நடந்து வந்து டிக்கியின் அருகில் நின்றது. கசிந்துகொண்டிருந்த வெளிச்சம் மறைந்தது.

டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டார். பூட்டின் வாயில் திணித்திருந்த கைக்குட்டை அசைந்தது. முதலில் கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். அவசரமே இல்லாமல் யாரோ அதை வெளியிலிருந்து உருவிக்கொண்டிருந்தார்கள். பிடிக்கலாமென்று கை நீட்டுவதற்குள் அதன் கடைசி நுனி வழுக்கிக்கொண்டு போனது. மூடியின் மேல் ஒரு உள்ளங்கை அழுத்தியது.

க்ளிக்.

இரண்டு கதவுகள் மூடின, என்ஜின் உறுமியது, முதல் கியர் அவர் போடுவதைவிட முரட்டுத்தனமாக விழுந்தது. ஷட்டர் தூக்கும் சத்தம் இப்போதும் கேட்கவில்லை, வண்டி கிளம்பிவிட்டது. பவுடர் வாசனை இருக்கைகளின் இடுக்கு வழியாகப் பின்னால் வந்தது. முன்னால் ஒரு ஆண் குரல், தணிந்து. ஒரு பெண்ணின் சிரிப்பு.

அவருக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. தெரிந்துதான் பூட்டியிருக்கிறார்கள். வெளியே கொண்டுபோய் என்ன செய்யப்போகிறார்கள்? தோழனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து, தான் உயிராக வளர்த்த வண்டியிலேயே. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, டயரில் முகத்தை அழுத்தி, சத்தம் வராமல் அழுதார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தார். மனைவி.

முன்னால் அந்தச் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. கையில் போன் அதிர்ந்துகொண்டேயிருந்தது. அவர் பொத்தானை அழுத்தினார்.

"எங்க போறீங்க இந்த மழையில?" என்றாள் அவர் மனைவி, வீட்டிலிருந்து. பின்னால் கூடத்து மின்விசிறியின் கடகட சத்தம் கேட்டது. "ஷெட்டுல வண்டியைக் காணோம். சாவி இங்க ஆணியிலயே தொங்குது. இன்னொரு சாவி செஞ்சு வெச்சிருக்கீங்களா?"

"நான் டிக்கியில இருக்கேன்" என்று கத்தினார். "என்னைப் பூட்டிட்டாங்க."

"ஒண்ணும் கேக்கல, ஒரே இரைச்சல். சரி, நானே பேசறேன், நீங்க ஓட்டுங்க. ஒரு வாரமா முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்களே, எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஜீப்பைப் பார்த்துட்டீங்க, அதானே? தாடி அண்ணன்கிட்ட கியர் வண்டி பழகிட்டிருக்கேங்க. உங்க வண்டியில உங்களை உக்கார வெச்சு நான் ஓட்டணும்னு ஆசை. முட்டி வலிச்சாலும் பரவால்ல. சொல்லாம செஞ்சு உங்களை அசத்தலாம்னு நெனச்சேன்."

டாக்டர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

முன்னால் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். கணீரென்று, இளமையாக.

போனில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"யாருங்க அது?" என்றாள் மனைவி.

"நான் இல்ல. கேளு. நான் சொல்றதைக் கேளு."

"உங்க கூட யாரு இருக்கா?"

மறுபடி சிரிப்பு, இன்னும் கிட்டத்தில். அது போனுக்காகவே சிரித்த சிரிப்பு.

"சரி. புரிஞ்சுது" என்றாள். குரல் உடையவில்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது. "திரும்பி வரணும்னு அவசியமில்ல. நான் தேட மாட்டேன்."

திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். போனை அணைத்துவிட்டாள். தாடியைக் கூப்பிட்டார், மணி அடிக்கவேயில்லை. சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வண்டி வழவழப்பான சாலையை விட்டு இறங்கியது. சக்கரத்துக்கடியில் மணல் கரகரத்தது.

அவர் மூடியை முட்டியால் இடித்தார்.

"பின்னாடி ஏதோ சத்தம்" என்றது பெண் குரல்.

"அவர்தான்" என்றது ஆண் குரல். "கொஞ்ச நேரத்துல நின்னுரும்."

"ச்சு" என்றாள் அவள்.

டாக்டர் அசையாமல் கிடந்தார். அந்த ஓசையை அவர் கேட்டிருக்கிறார். குரலுக்கு வயது குறைந்திருந்தது. நாக்கு அதே நாக்கு.

உங்க உயரம்தான். அப்படிப்பட்டவரைத்தான் தேடிட்டிருந்தேன்.

என்ஜின் நின்றது. கதவுகள் திறந்து மூடின. ஷூவும் செருப்பும் மணலில் விலகிப் போயின. பேசிக்கொண்டே போனார்கள். பிறகு மழை மட்டும்.

கத்தினார். மூச்சு வாங்கியது. புகை நாற்றம் டிக்கி முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. காற்று. காற்று வேண்டும். டயரில் காற்று இருக்கிறது. தடவினார். வால்வு கையில் பட்டது. அதன் சின்ன மூடியைத் திருகி எறிந்துவிட்டு வாயை வால்வின்மேல் வைத்து, நகத்தால் உள்முள்ளை அழுத்தினார்.

காற்று வந்தது. வெதுவெதுப்பாக வந்தது. ஈரமாக வந்தது. ரப்பர் நாற்றம் இல்லை. முப்பது வருடமாகப் பிறர் வாயருகே முகம் வைத்துப் பிழைத்தவர் அவர். அது வாய் நாற்றம். பல நாள் தண்ணீரே படாமல், கத்திக் கத்தி வறண்டுபோன ஒரு மனித வாயின் மூச்சு.

விரலை எடுத்தார். காற்று நிற்கவில்லை. வந்தது. நின்றது. உள்ளே இழுத்தது. மறுபடி வந்தது.

போன் வெளிச்சம் அணைந்தது.

கைகளை மேலே தூக்கினார். பிறாண்டினார். இருட்டில் அவருடைய நான்கு விரல்களும் நான்கு பள்ளங்களில் போய்ப் பொருந்தின. அகலமும் சரி. ஆழமும் சரி. இழுத்தார். பள்ளம் எங்கே வளைந்ததோ அங்கே கையும் தானாக வளைந்தது. அடுத்த நான்கு. அதற்கடுத்த நான்கு. நகம் பிய்ந்தது. அந்த இடத்தில் பள்ளமும் கொஞ்சம் மெலிந்திருந்தது.

மழை விடும்வரை பிறாண்டினார். விட்ட பிறகும் பிறாண்டிக்கொண்டிருந்தார். மூடியில் ஒரு கீறல்கூடப் புதிதாக விழவில்லை.